மூளியின் கணத்தாக்கமும் கைத்தாளமும்: புதியவர் செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

உயர்தர உயிரியலில் மூளி (தமிழகத்தார் சொல்லும் சிறுமூளை) ஓரிரு வரியோடு முடிந்துவிடும்: தசை அசைவுகளை ஒருங்கிணைக்கும், உடற்சமநிலையைப் பேணும். பரீட்சைக்கு அது போதும். எப்படி என்று கேட்கிற பிள்ளைக்குப் போதாது. இந்த வழிகாட்டி அந்தப் பிள்ளைக்கும், மருத்துவபீடத்துக்குப் புதிதாகப் போனவருக்கும், மிருதங்கமோ தவிலோ பழகிக்கொண்டே விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு செயற்றிட்டம் தேடுபவருக்கும். இரண்டு போன், ஒரு மேசை, விரிதாள் திறக்கக்கூடிய ஒரு கணினி இருந்தால் தொடங்கலாம். விலங்கும் மின்வாயும் தேவையில்லை.

வேலை இரண்டு பாதி. முதலில் உங்கள் விரலின் தாளத்தை மில்லிசெக்கன் கணக்கில் அளந்து, அதிலுள்ள தளம்பலில் எவ்வளவு நேரக்கணிப்பிலிருந்து வருகிறது, எவ்வளவு கையிலிருந்து வருகிறது என்று பிரிப்போம். பிறகு ஒரு பர்கின்ஜிக் கலத்தின் (மூளியின் மேற்பட்டையிலுள்ள பெரிய நரம்புக்கலம்) கணத்தாக்கங்களை, அதாவது அது செய்தி அனுப்பும் குறுகிய மின்துடிப்புகளை, விரிதாளில் உண்டாக்கி, தாள வட்டத்தின்மேல் மடித்துப் பார்ப்போம். ஆய்வுகூடத்தில் உண்மைத் தரவை வைத்துச் செய்வதும் இதே மடிப்புத்தான்.

தொடங்குமுன் கழற்ற வேண்டிய ஓர் எண்ணம்

மூளிக்குள் ஒரு தாளக்காரர் இருந்து அடிக்கு ஓர் அடி போடுகிறார் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டு வருவார்கள். அப்படியில்லை. நடையின் அடிப்படைத் தாளத்தை முண்ணாணே (தண்டுவடமே) உண்டாக்கும் என்று 1911 இல் கிரகாம் பிரவுண் பூனைகளில் காட்டினார். மூளி நீக்கப்பட்ட பூனையும் நடக்கும். ஆனால் தள்ளாடும், காலை அளவுக்கு மிஞ்சித் தூக்கும், இடம் தவறி வைக்கும். மூளைத்தண்டிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் நரம்புக்கலங்கள் வழமையாக ஒவ்வொரு காலடியோடும் கூடிக் குறையும். மூளியை எடுத்துவிட்டால் அந்தக் கூடிக்குறைதல் பெரும்பாலும் போய்விடுகிறது என்பதை 1972 இல் ஓர்லோவ்ஸ்கி பதிவு செய்தார். எந்தக் கணத்தில் எவ்வளவு என்று திருத்துவதுதான் மூளியின் வேலை.

விரல் தட்டுவது நடையைப்போன்றதல்ல. அதற்கு முண்ணாணில் ஆயத்தமான தாளம் கிடையாது. தட்டிவிட்டு நின்று, அடுத்த தட்டுக்கான நேரத்தைக் கணித்து, மறுபடி தட்ட வேண்டும். மூளி பாதிக்கப்பட்டவர்களுக்கு இப்படி நின்று நின்று செய்கிற தாளம் குலைகிறது. நிற்காமல் தொடர்ந்து வட்டம் வரையும் தாளம் அவ்வளவாகக் குலைவதில்லை என்று 2003 இல் ஸ்பென்சர், ஐவ்ரி குழுவினர் காட்டினர். ஆகவே பரிசோதனைக்கு நாங்கள் தட்டுதலைத் தெரிவது வசதிக்காக மட்டுமல்ல.

கலங்களின் கணக்கு

மனித மூளையில் உள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களில் 6,900 கோடி அளவு மூளியில்தான் இருக்கின்றன. எடையிலோ அது பத்தில் ஒரு பங்கு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மிகச் சிறிய சிறுமணிக் கலங்கள். அவற்றின் சமாந்தர நார்கள் ஒரு பர்கின்ஜிக் கலத்தோடு மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் வைத்திருக்கும். அதே கலத்துக்கு நீள்வளைய மையவிழையத்திலுள்ள கீழ் ஒலிவு என்ற கலத்தொகுதியிலிருந்து வருவதோ ஒரேயொரு ஏறு நார்.

இந்த இரண்டு வழியும் இரண்டு விதமான கணத்தாக்கத்தைத் தருகின்றன. எளிய கணத்தாக்கம் செக்கனுக்கு 30 முதல் 100 வரை வரும். கை அசையாமல் மடியில் கிடக்கும்போதும் வந்துகொண்டேயிருக்கும். சிக்கல் கணத்தாக்கம் ஏறு நார் தூண்டும்போது வருவது; செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்று. ஒரு பெரிய கூர், அதன் வாலில் சில சிறு கூர்கள். அது வந்த கையோடு எளிய கணத்தாக்கங்கள் பத்து மில்லிசெக்கனோ அதற்கு மேலோ நின்றுவிடும். இந்த இடைநிறுத்தத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

பர்கின்ஜிக் கலம் தன் கீழே, மூளியின் உள்ளாழத்திலுள்ள ஆழ்கருக் கலங்களை அடக்கும் கலம். அதன் கணத்தாக்கம் குறைகிற நேரத்தில்தான் ஆழ்கரு எழும்பி மேலிடங்களுக்குச் செய்தி அனுப்பும். வரைபில் மேட்டை மட்டும் பார்த்து "இங்கேதான் கலம் வேலை செய்கிறது" என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பள்ளத்திலும் வேலை நடக்கிறது. இன்னொன்று: வலது கைக்கு மூளியின் வலது பாதி; பெருமூளைபோல் பக்கம் மாறாது.

படி 1: தட்டுகளைப் பதிவு செய்தல்

ஒரு போனில் மெட்ரோனோம் செயலி. நிமிடத்துக்கு 120, அதாவது தட்டுக்குத் தட்டு 500 மில்லிசெக்கன். மற்றப் போனில் ஒலிப்பதிவு. மெட்ரோனோமின் ஒலி திறந்த ஒலிபெருக்கியில் வரட்டும். தட்டும் அந்த ஒலியும் ஒரே பதிவில் விழுந்தால், இரண்டுக்கும் இடையிலான நேரத்தை நேரே அளக்கலாம். புளூடூத் கேட்பொறி வேண்டவே வேண்டாம். அது ஒலியை நூறு மில்லிசெக்கனுக்கு மேலாகக்கூடப் பிந்தவைக்கும். நாங்கள் தேடுகிற அளவோ இருபது மில்லிசெக்கன்.

பதிவை வேவ் கோப்பாக வைக்கக்கூடிய செயலி எடுங்கள். வட்ஸ்அப் குரல்பதிவு சரிவராது. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று அது தட்டின் தொடக்கத்தையே மழுக்கிவிடும். பதியும் போனைக் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மேசைமேல் ஒரு துணி மடிப்பில் வையுங்கள். ஒலி மில்லிசெக்கனுக்கு 34 சென்ரிமீற்றர்தான் போகும், ஆகையால் ஆளுக்கு ஆள் தூரத்தை மாற்றாதீர்கள்.

மணிக்கட்டு மேசையில் படிந்திருக்க, சுட்டுவிரல் மட்டும் அசையட்டும். நுனிச்சதை பட வேண்டும், நகம் படக்கூடாது. நகம் பட்டால் விரல் துள்ளி, ஒரு தட்டு இரண்டாக விழும். மோதிரத்தைக் கழற்றுங்கள்.

முதல் 20 தட்டு ஒலியோடு. பிறகு ஒலியை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் 40 தட்டு. இது ஒரு சுற்று. ஒருவருக்கு 8 சுற்று, நடுவில் அரை நிமிட ஓய்வு. மிருதங்கம் பழகுகிறவர்கள் மனதுக்குள் தகதிமி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஒரு செக்கனுக்கு மேற்பட்ட இடைவெளிகளில் அப்படிப் பிரித்துச் சொன்னால் பிழை நன்றாகக் குறையும். 500 இல் பலன் குறைவுதான். ஆனாலும் சொல்வதா இல்லையா என்பதை முதலிலேயே முடிவுசெய்து, எல்லாருக்கும் ஒன்றாக வையுங்கள்.

காற்றாடியை நிறுத்துங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி கேட்கிற வீட்டில் பதியாதீர்கள். இரைச்சல் பெரிய பிரச்சினையில்லை, வெட்டியெடுக்கலாம். தவிலின் தாளத்துக்கு விரல் தானாக இழுபடும், அதை வெட்டியெடுக்க வழியில்லை.

படி 2: நேரங்களை எடுத்தல்

ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து, ஒவ்வொரு தட்டுக்கும் அடையாளம் வையுங்கள். தானாக ஒலிகளைக் கண்டுபிடிக்கும் வசதியும் அதில் இருக்கிறது. ஆனால் முதற் சுற்றை ஒருக்கால் கையால் செய்து பார்த்துவிட்டுத்தான் அதை நம்ப வேண்டும். அலை முதன்முதலில் எழும்புகிற இடத்தையே குறியுங்கள், உச்சியை அல்ல. உச்சி, தட்டின் பலத்துக்கேற்ப ஓரிரு மில்லிசெக்கன் தள்ளிப்போகும். அடையாளங்களை எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்தால் முதல் நிரலில் நேரங்கள் செக்கனில் வரும். அதை விரிதாளில் ஒட்டி, அடுத்ததிலிருந்து முந்தியதைக் கழித்து, 1,000 ஆல் பெருக்குங்கள். இடைவெளிகள் கையில் வந்துவிட்டன.

இப்போது கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆயிரத்துக்குக் கிட்டவாக ஒன்று இருந்தால் ஒரு தட்டு தவறியிருக்கிறது. அந்த இடைவெளியை நீக்குங்கள். முப்பது, நாற்பது என்று ஒன்று இருந்தால் துள்ளல். இரண்டாவது அடையாளத்தை அழியுங்கள். ஒலி நின்றபின் வருகிற முதல் ஐந்து இடைவெளிகளையும் விடுங்கள்.

ஒலியோடு தட்டிய பகுதியில் ஒன்றைக் கவனிப்பீர்கள்: தட்டு ஒலிக்குச் சற்று முந்தி விழும். இசைப் பயிற்சி இல்லாதவர்களில் இருபது முதல் ஐம்பது மில்லிசெக்கன் வரை முந்துவது சாதாரணம், பயிற்சியுள்ளவர்களில் குறைவு. பதிவில் பிழையென்று எண்ணி அதைச் சரிப்படுத்தப் போகாதீர்கள். ஒலியைக் கேட்டுவிட்டுத் தட்டினால் நூற்றைம்பது மில்லிசெக்கனாவது பிந்தும். முந்துவதே நேரம் உள்ளே கணிக்கப்படுகிறது என்பதற்குச் சாட்சி.

படி 3: கடிகாரத்தையும் கையையும் பிரித்தல்

1973 இல் விங், கிறிஸ்டோபர்சன் இருவரும் தந்த கணக்கு இது. உள்ளே ஒரு கடிகாரம் இடைவெளியைக் கணிக்கிறது. கட்டளை விரலுக்குப் போய்ச் சேர ஒரு சுணக்கம் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகத் தளம்பும். ஒரு தட்டில் சுணக்கம் கூடினால் அதற்கு முந்திய இடைவெளி நீளும், பிந்தியது அதேயளவு குறுகும். அடுத்தடுத்த இடைவெளிகள் எதிரெதிராக ஆடுவதைக் கொண்டு கையின் பங்கைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒவ்வொரு இடைவெளியிலிருந்தும் சராசரியைக் கழியுங்கள். ஒவ்வொரு விலகலையும் அதற்கு அடுத்த விலகலால் பெருக்கி, அந்தப் பெருக்கங்களின் சராசரியை எடுங்கள். அது மறையெண்ணாக வர வேண்டும். குறியை மாற்றினால் கையின் மாறற்றிறன் (தளம்பலின் அளவு; நியம விலகலின் வர்க்கம்). இடைவெளிகளின் முழு மாறற்றிறனிலிருந்து அதன் இரண்டு மடங்கைக் கழித்தால் கடிகாரத்தின் மாறற்றிறன்.

எண்ணில் பார்ப்போம். நியம விலகல் 22 மில்லிசெக்கன் என்றால் மாறற்றிறன் 484. அடுத்தடுத்த பெருக்கங்களின் சராசரி −90 என்று வந்ததாக வைப்போம். கையின் மாறற்றிறன் 90, அதாவது 9.5 மில்லிசெக்கன். கடிகாரத்துக்கு 484 − 180 = 304, அதாவது ஏறத்தாழ 17.4 மில்லிசெக்கன். 500 மில்லிசெக்கன் தாளத்தில் மொத்த நியம விலகல் இருபதுக்குக் கிட்டவாக வருவது வழமை. அறுபது என்று வந்தால் ஆளைக் குறை சொல்லுமுன் படி 2 க்குத் திரும்புங்கள்.

பெருக்கங்களின் சராசரி நேரெண்ணாக வருவதுதான் அடிக்கடி நடக்கிற குழப்பம். பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஒலி நின்றதும் ஆள் கெதியாகவோ ஆறுதலாகவோ போய்க்கொண்டிருக்கிறார். இடைவெளிகளுக்கு ஒரு நேர்கோடு பொருத்தி, அந்தக் கோட்டிலிருந்தான விலகல்களை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன்பிறகும் நேரெண் என்றால் அந்தச் சுற்றை ஒதுக்குங்கள். எட்டுச் சுற்றையும் ஒட்டி ஒரே நிரலாக்கிக் கணக்கிடுவதும் இதே வியாதியைத் தரும். சுற்றுச் சுற்றாகக் கணக்கிட்டுப் பிறகு சராசரி எடுங்கள்.

இந்தப் பிரிப்பு வெறும் கணக்கு விளையாட்டல்ல. 1988 இல் ஐவ்ரியும் கீலும் டீனரும் மூளி பாதிக்கப்பட்டவர்களில் இதைச் செய்தபோது, பக்கப் பகுதி பழுதானவர்களில் கடிகாரத் தளம்பலும், நடுப் பகுதி பழுதானவர்களில் கைத் தளம்பலும் கூடியிருந்தன. அதற்காக உங்கள் விரிதாளை வைத்துக்கொண்டு அம்மம்மாவின் மூளியை மதிப்பிடத் தொடங்கிவிடாதீர்கள். நித்திரைக் குறைவும் மூட்டுவலியும் இதே எண்களைக் கூட்டும். திடீரென்று ஒருவர் நடையில் தள்ளாடி நா குழறினால், அது தட்டிப் பார்க்கிற நேரமல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

படி 4: விரிதாளில் ஒரு பர்கின்ஜிக் கலம்

ஒரு நிரை ஒரு மில்லிசெக்கன். 10,000 நிரை, அதாவது 10 செக்கன். முதல் நிரலில் நேரம். இரண்டாவதில் அவத்தை, அதாவது தாள வட்டத்தில் எந்த இடம் என்பது: நேரத்தை 500 ஆல் வகுத்த மிச்சத்தை மறுபடி 500 ஆல் வகுத்தால் 0 முதல் 1 வரை ஓடும். மூன்றாவதில் வீதம், அதாவது செக்கனுக்கு எத்தனை கணத்தாக்கம் என்பது: 60 உடன், அவத்தையை 2π ஆல் பெருக்கி எடுத்த கோசைனின் 30 மடங்கைக் கூட்டுங்கள். இப்படிச் செய்தால் கலம் தட்டு நேரத்தில் செக்கனுக்கு 90 வரை ஏறி, இரண்டு தட்டுக்கு நடுவில் 30 வரை இறங்கும். நான்காவதில் 0 க்கும் 1 க்கும் இடைப்பட்ட ஓர் எழுமாற்று எண்ணை எடுங்கள். அது வீதத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிதானால் 1, இல்லாவிட்டால் 0. ஒன்று என்பது ஒரு கணத்தாக்கம்.

எழுமாற்று எண்கள், தாளில் எங்கே தொட்டாலும் மாறிவிடும். வரைபு கீறிக்கொண்டிருக்கும்போதே தரவு கைமாறும். நான்காம் நிரலை நகலெடுத்து மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

உண்மையான கலம் ஒரு கணத்தாக்கத்துக்குப் பிறகு ஒரு கணம் ஓய்ந்திருக்கும். ஐந்தாம் நிரலில் ஒரு நிபந்தனை சேருங்கள்: அதே நிரலின் முந்திய இரண்டு நிரையில் ஏதாவதொன்றில் 1 இருந்தால் இங்கே 0, இல்லாவிட்டால் நான்காம் நிரலிலுள்ளதே. சேர்த்ததும் வீதம் எதிர்பார்த்ததிலும் குறையும்: மாறாத 60 வீதத்துக்கு 60 ÷ 1.12, அதாவது 53.6 அளவுதான் கிடைக்கும். சூத்திரம் பிழைத்ததென்று தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

படி 5: மடித்தல்

வட்டத்தை 20 பெட்டியாகப் பிரியுங்கள். ஒன்று 25 மில்லிசெக்கன். வேட்டியைக் கரையோடு கரை சேர்த்து மடிப்பதுபோல, எல்லா வட்டங்களையும் தட்டோடு தட்டு சேர்த்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் விழுந்த கணத்தாக்கங்களை எண்ணுங்கள். எண்ணிக்கையை அந்தப் பெட்டியில் கழிந்த மொத்த நேரத்தால் வகுத்தால் வீதம். 20 வட்டத்துக்கு ஒரு பெட்டியின் நேரம் 0.5 செக்கன். வகுக்காமல் எண்ணிக்கையையே கீறி, அச்சில் "வீதம்" என்று எழுதுவதுதான் கண்காட்சிகளில் மிகச் சாதாரணமான பிழை.

எத்தனை வட்டம் போதும்? 60 வீதத்தில் ஒரு பெட்டியில் 30 கணத்தாக்கம் விழும். எழுமாற்றாக மட்டும் அது 5.5 அளவு ஆடும், வீதத்தில் 11. உங்கள் ஏற்ற இறக்கம் 30 என்பதால் தெரியும். 10 என்றால் இரைச்சலில் மூழ்கிவிடும். 100 வட்டம் எடுத்தால் ஆட்டம் 5 க்குச் சற்றுக் கீழே வரும். சிக்கல் கணத்தாக்கத்துக்கோ 100 வட்டமும் காணாது. 50 செக்கனில் 50, இருபது பெட்டிக்குப் பங்கிட்டால் பெட்டிக்கு இரண்டரை. அதில் தெரிகிற மேடு பள்ளமெல்லாம் காற்றில் கட்டிய கோட்டை. பெட்டிகளை ஐந்தாகக் குறையுங்கள், அல்லது ஆயிரம் வட்டம் எடுங்கள்.

அடுத்து, 500 என்று மாறாமல் வைத்த வட்டத்தை எடுத்துவிட்டு, படி 2 இல் அளந்த உங்கள் சொந்தத் தட்டு நேரங்களைப் போடுங்கள். அவத்தை இப்போது: கடைசித் தட்டிலிருந்து கழிந்த நேரம் ÷ அந்த வட்டத்தின் முழு நேரம். கணத்தாக்கங்களை இந்த அவத்தையைக் கொண்டு மறுபடி உண்டாக்கிவிட்டு, இரண்டு விதமாக மடித்துப் பாருங்கள்: ஒன்று இந்த அவத்தையால், மற்றது பழையபடி கடிகாரத்தின் 500 ஆல். இரண்டாவது வரைபு தட்டையாகிவிடும். இடைவெளிக்கு 20 மில்லிசெக்கன் தளம்பினால் 25 இடைவெளிக்குப் பிறகு 20 × √25, அதாவது ஏறத்தாழ 100 மில்லிசெக்கன் விலகியிருக்கும். அது வட்டத்தில் ஐந்தில் ஒன்று. கலம் தாளத்தை விட்டுவிலகவில்லை, நீங்கள்தான் பிழையான கரையைப் பிடித்து மடித்தீர்கள். இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

படி 6: உண்மைத் தரவுக்குப் போகும்போது

டான்டி என்ற திறந்த களஞ்சியத்தில் ஆய்வுகூடங்கள் நரம்புப் பதிவுகளை இலவசமாக வைக்கின்றன. கணத்தாக்க நேரங்கள் செக்கனில் இருக்கும். மேலே செய்த மடிப்பு அப்படியே பொருந்தும். முதலில் பதிவு ஒரே கலத்தினதுதானா என்று பாருங்கள். அடுத்தடுத்த கணத்தாக்கங்களுக்கு இடைவெளி 2 மில்லிசெக்கனிலும் குறைவாகப் பல இருந்தால் இரண்டு கலம் கலந்திருக்கிறது. பர்கின்ஜிக் கலம்தானா என்பதற்கு அந்த இடைநிறுத்தம் உதவும்: சிக்கல் கணத்தாக்கங்களைப் பூச்சியத்தில் வைத்து, அவற்றைச் சுற்றி எளிய கணத்தாக்கங்களை எண்ணினால் பூச்சியத்துக்குப் பின்னால் ஒரு வெறுமை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இரண்டும் ஒரே கலத்தினவை என்று எழுத உங்களிடம் ஆதாரமில்லை.

பல கலங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கக் கை துடிக்கும். பொறுங்கள். 1984 இல் ஆம்ஸ்ட்ரோங்கும் எட்ஜ்லியும் நடக்கும் பூனையில் பதிந்தபோது, பர்கின்ஜிக் கலங்கள் காலடி வட்டத்தோடு கூடிக் குறைந்தன. ஆனால் உச்சி எல்லாவற்றுக்கும் ஒரே அவத்தையில் இல்லை. ஒன்று காலைத் தூக்கும்போது, ஒன்று ஊன்றும்போது. அப்படியே சராசரி எடுத்தால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடும். கலத்துக்குக் கலம் வரைபைக் கீறி, உச்சி விழும் அவத்தையின்படி மேலிருந்து கீழாக அடுக்குங்கள்.

சிக்கல் கணத்தாக்கம் சீரான நடையில் காலடியோடு பெரிதாக ஒட்டாது. பூனை ஏணிப்படிகளில் நடக்கும்போது ஒரு படி எதிர்பாராமல் சறுக்கினால் அப்போது வரும். அதனால் அதைத் தாள வட்டத்தில் மட்டும் தேடிவிட்டுக் கைவிடாமல், தவறு நடந்த கணத்தைப் பூச்சியமாக வைத்து இன்னொரு வரைபும் கீறுங்கள். உங்கள் தட்டுப் பரிசோதனையிலும் இதற்கு ஒரு நிழல் உண்டு: மெட்ரோனோமின் ஒரு ஒலியை மட்டும் 50 மில்லிசெக்கன் பிந்தவைத்து, அடுத்த தட்டு எவ்வளவு நகர்கிறதென்று அளக்கலாம். ஒலிக்கோப்பை ஓடாசிட்டியிலேயே வெட்டி ஒட்டிச் செய்துகொள்ளலாம். தட்டுபவருக்கு எந்த ஒலி என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது.

மேடு வந்துவிட்டதென்று எழுதுமுன் கடைசிச் சோதனை. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கணத்தாக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே எழுமாற்று அளவால் (வட்டத்துக்கு வட்டம் வேறான அளவால்) சுற்றி நகர்த்தி, மறுபடி மடித்து, மேட்டின் உயரத்தைக் குறியுங்கள். இதை 200 முறை செய்யுங்கள். கையால் முடியாது, சிறு கணினி புரோகிராம் ஒன்று எழுத வேண்டிவரும். உண்மை மேடு அந்த 200 இல் 190 ஐயாவது தாண்டினால் எழுதலாம். வரைபில் வட்டத்தை இரண்டு முறை, 0 முதல் 2 வரை, பக்கம் பக்கமாகக் கீறுங்கள். உச்சி ஓரத்தில் விழுந்தால் ஒற்றை வட்டத்தில் அது இரண்டாக உடைந்து தெரியும். கீழே வட்டங்களின் எண்ணிக்கையையும் பெட்டியின் அகலத்தையும் எழுதிவிடுங்கள். அவை இல்லாத வரைபை மதிப்பிடுபவர் முதலில் கேட்பதே அதைத்தான்.